அத்தியாயம் 6: வான்வெளிக் கோப்பும் வழிப்புள்ளிக் கோப்பும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது

தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், பேசிங்ஸ்டோக்குக்கும் ஆல்ட்டனுக்கும் இடையே லாஷம் என்ற ஓடுதளம் இருக்கிறது. உலகின் பெரிய கிளைடர் கழகங்களில் ஒன்று அங்கேதான் இயங்குகிறது. அதற்குக் கிழக்கு-வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருப்பது ஃபார்ன்பரோ. அது தனியார் ஜெட் விமானங்கள் வந்துபோகும் நிலையம். ஃபார்ன்பரோவைச் சுற்றி 'டி' வகைக் கட்டுப்பாட்டு வான்வெளி வேண்டும் என்ற கோரிக்கைக்கு 2018இல் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் தந்தது. லாஷம் கழகம் நீதிமன்றம் போனது. 2019இல் வழக்கு தள்ளுபடியானது. 2020 பிப்ரவரி 27, வியாழக்கிழமை, புதிய எல்லைகள் நடைமுறைக்கு வந்தன. முந்தின நாள் வரை யாரிடமும் கேட்காமல் பறந்த வானத்தின் சில அடுக்குகளுக்குள் அன்று முதல் கட்டுப்பாட்டாளரின் அனுமதி பெற்றுத்தான் நுழைய முடியும்.

இத்தனை வருட வாக்குவாதத்தில் அந்த வட்டாரத்து விமானிகள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. கிளைடருக்குள் பொருத்தியிருந்த கருவிகளுக்கு மட்டும் தெரியாது. கோப்பை மாற்றாதவரின் கருவி பிப்ரவரி 28 அன்றும் பழைய படத்தைத்தான் காட்டும். அதே தெளிவோடு, அதே வண்ணத்தில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காட்டும். காகித வரைபடம் பழசானால் மடிப்பில் கிழியும், நிறம் மங்கும், பார்த்தாலே தெரியும். திரையில் இருக்கும் கோட்டுக்கு வயது தெரியாது. ஆகவே கோப்பின் தேதியைப் பார்ப்பது, காலையில் இறக்கையைப் பூட்டும் 'பின்' சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதோடு சேர்ந்த வேலை. இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றியதுதான். உதாரணங்களைப் பிரிட்டனிலிருந்தே எடுத்திருக்கிறேன். முறை எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

ஏன் வியாழக்கிழமை

வான்வெளி மாற்றங்கள் நினைத்த நாளில் வருவதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த 'ஏராக்' என்ற சுழற்சிப்படி, 28 நாளுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையில்தான் அவை நடைமுறைக்கு வரும். இந்தத் தேதிகள் பஞ்சாங்கம் போல வருடக்கணக்கில் முன்னாலேயே குறிக்கப்பட்டவை. 2025இல் ஜனவரி 23, பிப்ரவரி 20, மார்ச் 20 என்று தொடங்கி டிசம்பர் 25 வரை பதின்மூன்று. வரப்போகும் மாற்றம், நடைமுறைக்கு வருவதற்குக் குறைந்தது 28 நாள் முன்பே பயன்படுத்துவோர் கைக்குச் சேர வேண்டும் என்பது விதி. அதற்காக 42 நாள் முன்பே வெளியிடுகிறார்கள். பெரிய மாற்றமென்றால் 56 நாள் முன்பே வெளியிடுவது நல்லது என்பது பரிந்துரை.

இதனால் உங்களுக்கு இரண்டு வசதி. புதிய கோப்பு தேவைப்படும் நாள் எது என்று பருவம் தொடங்கும் முன்பே நாட்காட்டியில் குறித்துவிடலாம். அந்த நாள் வருவதற்கு முன்பே என்ன மாறப்போகிறது என்று படித்துவிடவும் முடியும். பெரும்பாலான சுழற்சிகளில் உங்கள் வட்டாரத்தில் ஒன்றுமே மாறியிருக்காது. ஆனால் எந்தச் சுழற்சியில் மாறும் என்று ஊகிக்க வழியில்லை. அதனால் எல்லாச் சுழற்சிக்கும் இறக்கிக்கொள்வதுதான் உழைப்புக் குறைந்த வழி.

ஒரு எச்சரிக்கை. அடுத்த சுழற்சியின் கோப்பு சில நாள் முன்பே கிடைக்கும். ஆர்வத்தில் அதைச் செவ்வாய்க்கிழமையே ஏற்றிவிட்டு புதன்கிழமை பறந்தால், இன்னும் பிறக்காத எல்லைகளை வைத்துப் பறக்கிறீர்கள். புதிதாக வரும் எல்லை என்றால் பாதகமில்லை, கொஞ்சம் சுற்றிப் போவீர்கள். நீக்கப்படும் எல்லையாக இருந்தால், இன்னும் உயிரோடு இருக்கும் ஒன்று உங்கள் திரையில் இருக்காது.

கோப்பு எங்கிருந்து வருகிறது

எல்லாவற்றுக்கும் மூலம் ஒவ்வொரு நாடும் வெளியிடும் ஏ.ஐ.பி. என்ற அதிகாரபூர்வத் தகவல் தொகுப்பு. வான்வெளியின் எல்லைகள் அதில் ஆயத்தொலைகளாகவும் வாக்கியங்களாகவும் இருக்கும். கிளைடர் கருவிக்கு அது அப்படியே புரியாது. யாரோ ஒருவர் அதைக் கருவி படிக்கும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். சில நாடுகளில் கிளைடர் சங்கத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள் செய்கிறார்கள். ஓப்பன்ஏஐபி போன்ற பொதுத் திட்டங்களில் பல நாட்டவர் சேர்ந்து செய்கிறார்கள். கருவி தயாரிக்கும் நிறுவனங்களும் தங்கள் வடிவத்தில் தருகின்றன. மிகக் கவனமாக உழைக்கும் மனிதர்கள் இவர்கள், அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆனால் மாற்றி எழுதும் எந்த இடத்திலும் ஒரு எண் தவறலாம். அதற்குச் சட்டப்படி பொறுப்பு கிளைடரை ஓட்டுகிறவருக்குத்தான்.

எந்த மூலத்தை நம்புவது? நான் பார்ப்பது இதைத்தான்: கோப்பின் தலைப்பகுதியில் எந்த ஏராக் தேதிக்கானது என்று எழுதியிருக்கிறதா? போன சுழற்சிக்கும் இதற்கும் என்ன மாறியது என்று சொல்கிறதா? தேதி இல்லாத கோப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நண்பர் அனுப்பினார் என்பதற்காகவும் வேண்டாம்.

கோப்பைத் திறந்து கண்ணால் படியுங்கள்

இதைப் பலரும் செய்வதில்லை. கிளைடர் உலகில் மிகப் பரவலாக இருக்கும் ஓப்பன்ஏர் வடிவம் வெறும் எழுத்துக் கோப்பு. எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். எக்ஸ்சிசோர் போன்ற இலவச மென்பொருள் அதை அப்படியே ஏற்கும். ஒவ்வொரு வான்வெளிக்கும் சில வரிகள்தான். 'ஏசி' என்று தொடங்கும் வரி வகையைச் சொல்லும்: டி, தடைப் பகுதி, அபாயப் பகுதி என்று. 'ஏஎன்' பெயர். 'ஏஎல்' தளம், அதாவது எந்த உயரத்தில் அது தொடங்குகிறது. 'ஏஎச்' கூரை. பிறகு 'டிபி' வரிகளில் மூலைப்புள்ளிகள் வரிசையாக வரும். வட்டமென்றால் மையமும் ஆரமும். வில் என்றால் மையம், தொடக்கம், முடிவு, எந்தத் திசையில் சுற்றுவது என்ற குறி.

அந்தக் கடைசிக் குறியைக் கொஞ்சம் பாருங்கள். கூட்டல் என்றால் கடிகாரச் சுற்று, கழித்தல் என்றால் எதிர்ச்சுற்று. ஒரே ஒரு கழித்தல் குறி விட்டுப்போனால், விமான நிலையத்தின் ஓரத்தில் சின்னதாக வளைய வேண்டிய வில் நிலையத்தையே மறுபக்கமாகச் சுற்றிவரும். பிழை கோப்பில் ஓர் எழுத்து. திரையில் அது மாவட்டத்தையே விழுங்கும் வீக்கமாகத் தெரியும். ஆகவே புதிய கோப்பை ஏற்றியதும் வரைபடத்தை வெளியே இழுத்து முழுப் பகுதியையும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். விசித்திரமான உருவங்கள் கண்ணில் படும்.

உருவம் சரியாக இருந்து உயரம் தவறினால் கண்ணில் படாது. அதற்குத்தான் காகித வரைபடம். நீங்கள் வழக்கமாகப் பறக்கும் திசைகளில் மூன்று நான்கு எல்லைகளை எடுத்துக்கொண்டு, கருவியில் தொட்டு, தளமும் கூரையும் வரைபடத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தென் இங்கிலாந்தின் ஐந்து லட்சத்தில் ஒன்று அளவு வரைபடம் வருடத்துக்கு ஒரு பதிப்புதான், அதுவும் நடுவில் பழசாகும். வரைபடத்தில் இல்லாதது கோப்பில் இருந்தால் உடனே கோப்பைக் குறை சொல்லாதீர்கள். ஏ.ஐ.பி.யைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

உயரம்: எண் ஒன்று, பொருள் மூன்று

கோப்பு புதிதாக இருந்தும் மீறல் நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு எல்லையின் தளம் கடல்மட்டத்திலிருந்து அடியாக இருக்கலாம், தரையிலிருந்து அடியாக இருக்கலாம், அல்லது 'எஃப்எல் 65' என்பது போல ஃபிளைட் லெவலாக இருக்கலாம்.

லாஷம் ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து 618 அடியில் இருக்கிறது. உள்ளூர்ப் பயிற்சிக்கு உயரமானியை ஓடுதளத்தில் பூஜ்யம் காட்டும்படி வைப்பது பிரிட்டனில் வழக்கம். அந்த அமைப்போடு ஒருவர் 2000 அடி என்று பார்த்துக்கொண்டே 2500 அடித் தளம் கொண்ட எல்லைக்குள் நுழைந்தால், அவர் இருக்கும் உண்மையான உயரம் 2618 அடி. உயரமானியின் முகப்பில் 500 அடி இடைவெளி தெரிகிறது. வானத்தில் 118 அடி உள்ளே இருக்கிறார். உள்ளூரில் சுற்றிக்கொண்டிருந்தவர், நல்ல தெர்மல் கிடைத்து அப்படியே நெடும்பயணம் கிளம்பும்போது இது நேர்கிறது. கிளம்பும் முன் உயரமானியைக் கடல்மட்ட அழுத்தத்துக்கு மாற்றுங்கள். கருவியிலும் அதே எண்ணைக் கொடுங்கள்.

ஃபிளைட் லெவல் 1013 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாகக் கொண்டது. அன்றைய அழுத்தம் 1003 என்றால் பத்து ஹெக்டோபாஸ்கல் குறைவு. ஒன்றுக்குச் சுமார் 27 அடி என்று கணக்கிட்டால், எஃப்எல் 65 அன்று ஏறத்தாழ 6230 அடியிலேயே தொடங்கிவிடும். அழுத்தம் குறைந்த நாளில் எல்லையின் தளம் தாழ்ந்து வருகிறது என்று மனதில் வைத்தால் போதும். அழுத்த உணரியுள்ள கருவி இதைத் தானே கணக்கிடும். வெறும் ஜிபிஎஸ் உயரத்தை நம்பும் கைபேசியால் முடியாது. போதாக்குறைக்கு, சில அமைப்புகளில் ஜிபிஎஸ் உயரம் கடல்மட்டத்துக்குப் பதிலாகப் பூமியின் கணித வடிவத்திலிருந்து அளக்கப்படும். தென் இங்கிலாந்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 45 மீட்டருக்கு மேல். கைபேசியை இரண்டாம் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லையின் விளிம்பில் தீர்ப்பை அதனிடம் விடாதீர்கள்.

கோப்பில் இருக்காதவை

புத்தம் புதிய ஏராக் கோப்பும் நிரந்தர எல்லைகளைத்தான் தரும். மூன்று மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக மாற்றங்கள் ஏ.ஐ.பி. துணை வெளியீடுகளாக வரும். அவற்றைச் சில கோப்புகள் சேர்க்கும், சில சேர்க்காது. உங்கள் மூலம் எந்த ரகம் என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைவிடக் குறுகியவை நோட்டாம் அறிவிப்பாக வரும்: விமானக் கண்காட்சி, ரெட் ஆரோஸ் சாகசம், முக்கியப் பிரமுகர் வருகை, தீயணைப்புப் பணி. இவற்றைப் பறக்கும் நாளன்று காலையில்தான் பார்க்க வேண்டும். முந்தின இரவு பார்த்தது கணக்கில் சேராது.

இப்போது சில மென்பொருள்கள் நோட்டாமையும் வரைபடத்தில் வட்டமாகப் போட்டுக் காட்டுகின்றன. உதவிதான். ஆனால் அந்த வட்டம், அறிவிப்பின் குறியீட்டு வரியில் இருக்கும் மையப்புள்ளியையும் ஆரத்தையும் கொண்டு வரைந்தது. உண்மையான பகுதி பல மூலைகள் கொண்ட உருவமாக, கீழே வாக்கியத்தில் விவரிக்கப்பட்டிருக்கலாம். வட்டத்தைக் கண்டால் வாக்கியத்தைப் படியுங்கள்.

இன்னொன்று, கழகத்துக்கும் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இடையிலான ஒப்பந்தக் கடிதங்கள். சில கட்டுப்பாட்டுப் பகுதிகளின் ஒரு மூலையை, குறிப்பிட்ட நேரங்களில், முன்கூட்டியே சொல்லிவிட்டு கிளைடர்கள் பயன்படுத்தலாம் என்று அவை சொல்லும். அந்த மூலையைத் திறந்ததாகக் காட்டும் கோப்பு, கடிதம் செயல்பாட்டில் இருக்கும் நாளில் சரி. மற்ற நாளில் அது ஆபத்தான பொய். அப்படிப்பட்ட இரண்டு கோப்புகள் உங்களிடம் இருந்தால் பெயரிலேயே வித்தியாசம் தெரியட்டும். இயல்பாகத் திறப்பது, மூடியதாகக் காட்டும் கோப்பாக இருக்கட்டும்.

வழிப்புள்ளிகள்

வான்வெளிக் கோப்பு பழசானால் அபராதமும் விசாரணையும் வரும். வழிப்புள்ளிக் கோப்பு பழசானால் கிளைடர் உடையும். ஆனாலும் இதற்குக் கிடைக்கும் கவனம் குறைவுதான். ஏராக் போன்ற கட்டாயச் சுழற்சி இதற்குக் கிடையாது என்பது ஒரு காரணம்.

பரவலான வடிவம் சீயூ மென்பொருளின் 'கப்' கோப்பு. வரிக்கு ஒரு புள்ளி, காற்புள்ளியால் பிரித்த கட்டங்கள்: பெயர், குறியீடு, நாடு, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், வகை, ஓடுதளத் திசை, நீளம், ரேடியோ அலைவரிசை, குறிப்பு. அட்சரேகை '5111.750' என்று இருந்தால் 51 டிகிரி 11.750 நிமிடம் என்று பொருள். கையால் சேர்க்கும்போது நடக்கும் பிழை இங்கேதான். மூலத்தில் 51 டிகிரி 11 நிமிடம் 45 விநாடி என்று இருப்பதைப் பார்த்து '5111.450' என்று அடித்துவிடுவார்கள். 45 விநாடி என்பது 0.75 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் 1852 மீட்டர், ஆகவே புள்ளி 556 மீட்டர் தள்ளிப் போகிறது. போட்டியில் திருப்பப் புள்ளியைத் தொட்டதாக ஏற்கும் வட்டத்தின் ஆரம் 500 மீட்டர். தவறான எண்ணை நம்பிப் பறந்தவர், லாகர் பதிவின்படி, சரியான புள்ளிக்கு வரவே இல்லை.

உயரக் கட்டம் இன்னும் முக்கியம். வீடு திரும்பும் கடைசிச் சறுக்கில் கருவி சொல்லும் 'வந்துசேரும் உயரம்' இந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் மீட்டரா அடியா என்ற குறி இருக்க வேண்டும். கட்டம் காலியாக இருந்து கருவி அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால், லாஷமுக்கு 188 மீட்டர் மிச்சம் இருப்பதாகக் காட்டும்போது நீங்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பீர்கள். முப்பதுக்கு ஒன்று என்று சறுக்கும் கிளைடருக்கு அந்த 188 மீட்டர் என்பது ஐந்தரைக் கிலோமீட்டர் தூரம். அந்த ஐந்தரைக் கிலோமீட்டரில் மரங்களும் மின்கம்பிகளும் இருக்கும்.

அலைவரிசைகளும் மாறிவிட்டன. ஐரோப்பாவில் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு ரேடியோக்கள் மாறியபோது ஏராளமான நிலையங்களுக்குப் புதிய எண் வந்தது. 122.500, 122.505 இரண்டும் ஒரே அலைவரிசைதான். முதலாவது பழைய அகன்ற வழி, இரண்டாவது புதிய குறுகிய வழி. பழைய கோப்பிலிருக்கும் எண்ணைப் போட்டால் எதிர்முனையில் சரியாகக் கேட்காமல் போகலாம். ஓடுதள எண்களும் நிலையானவை அல்ல. பூமியின் காந்த வடக்கு நகர்வதால் அவை மாறுகின்றன. 2009இல் ஸ்டான்ஸ்டெட் நிலையத்தின் 05/23 ஓடுதளம் 04/22 ஆனது.

இனி வயல்கள். 'வெளியிறக்கத்துக்கு ஏற்றது' என்று குறிக்கப்பட்ட வயலை எந்த அரசும் புதுப்பித்துத் தருவதில்லை. மலைப்பகுதிகளில், குறிப்பாக ஆல்ப்ஸில், பள்ளத்தாக்குக்கு ஒன்றிரண்டு வயல்களே இருக்கும் இடங்களில், உள்ளூர்க் கழகங்கள் நடந்து பார்த்துத் தொகுத்த பட்டியலை நம்பித்தான் விமானிகள் கணவாய்களைக் கடக்கிறார்கள். வயலில் சூரியத் தகடுகள் வரும். குறுக்கே வேலி வரும். சொந்தக்காரர் மாறி மக்காச்சோளம் போடுவார். ஆகவே ஒவ்வொரு வயலின் குறிப்புக் கட்டத்திலும் கடைசியாக யாராவது நேரில் பார்த்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். அந்தத் தேதி இல்லாத வயலை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத வயலாக எண்ணி, இன்னொன்று கைக்கெட்டும் உயரத்தில் மட்டும் அதை நோக்கிப் போங்கள். சாலை வழியாக அந்தப் பக்கம் போக நேர்ந்தால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். நீளத்தை அடி வைத்து அளங்கள். சரிவு எந்தப் பக்கம், கம்பி எந்தப் பக்கம் என்று எழுதி, பட்டியலைப் பராமரிக்கிறவருக்கு அனுப்புங்கள். இந்த விளையாட்டில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய பேருதவி அது.

போட்டிக்குப் போகும்போது உங்கள் சொந்தப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, அமைப்பாளர்கள் தரும் கோப்பை மட்டும் ஏற்றுங்கள். ஒரே பெயரில் சற்றே வேறு ஆயத்தொலையோடு இரண்டு புள்ளிகள் இருந்தால், பரபரப்பான தொடக்கக் கோட்டில் தவறானதைத்தான் கை தொடும். வான்வெளிக் கோப்புக்கும் இதே விதி. போட்டிக்கென்று தனியாக மூடப்பட்ட பகுதிகள் அதில்தான் இருக்கும்.

ஏற்றுவது

எழுத்துக் கோப்பை ஏற்கும் கருவியும் உண்டு, நவிட்டர், எல்எக்ஸ்நாவ் கருவிகள் போலத் தங்களுக்கென்று தனி வடிவம் கொண்டவையும் உண்டு. உங்களுடைய கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவிக்கும் பொதுவான இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, பழைய கோப்பை அழித்த பிறகே புதியதை வையுங்கள். சில கருவிகள் இரண்டையும் சேர்த்துக் காட்டும். நீக்கப்பட்ட எல்லை பேய்போலத் திரையில் தங்கும். அது பழசுதான் என்று தட்டிவிடப் பழகிய கை, ஒருநாள் உண்மையான எச்சரிக்கையையும் தட்டிவிடும். இரண்டாவது, காக்பிட்டில் எத்தனை கருவி இருக்கிறதோ அத்தனையும் ஒரே நாளில், ஒரே மூலத்திலிருந்து மாற்றுங்கள். இரண்டு இருக்கைக் கிளைடரில் முன்னால் ஒரு தேதி, பின்னால் ஒரு தேதி என்றிருந்தால், எல்லை நெருங்கும் நேரத்தில் இரண்டு பேர் விவாதித்துக்கொண்டிருப்பார்கள்.

மோதல் எச்சரிக்கை தரும் ஃபிளார்ம் கருவி இதில் தனிக் கவனம் கேட்கும். அதன் மென்பொருளை வருடத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். கம்பிவடங்கள், கோபுரங்கள் அடங்கிய தடைப் பட்டியல் அதற்குத் தனியாக உண்டு. ஆல்ப்ஸில் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே தொங்கும் கம்பி கண்ணுக்குத் தெரிவதற்குள் நேரம் கடந்துவிடும். மலைச்சரிவை ஒட்டிப் பறக்கப் போகிறவர் அந்தப் பட்டியலின் தேதியைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

ஏற்றி முடித்ததும் கருவியை அணைத்து மறுபடி போடுங்கள். கோப்பின் பெயர் திரையில் வருகிறதா, சமீபத்தில் மாறிய ஓர் எல்லை புதிய வடிவில் தெரிகிறதா என்று பாருங்கள். எச்சரிக்கை வடிகட்டியையும் திறந்து பாருங்கள். சில வகைகளுக்கு எச்சரிக்கை வேண்டாம் என்று போன கோடையில் யாரோ அணைத்து வைத்திருக்கலாம். இதையெல்லாம் கொட்டகையில், மின்சாரமும் நேரமும் இருக்கும்போது செய்யுங்கள். இழுவை விமானத்தின் பின்னால் வரிசையில் நிற்கும்போது மெமரி கார்டைத் தேடுவது கூடாது.

கழகக் கிளைடர்களுக்கு ஒருவர் பொறுப்பாக இருப்பது நல்லது. அவர் ஊரில் இல்லாத வாரத்துக்கு இன்னொருவர். தினசரிச் சோதனைப் புத்தகத்தில், டயர் காற்றுக்கும் பேட்டரி அளவுக்கும் அடுத்த வரியாக 'வான்வெளிக் கோப்பு: ஏராக் தேதி' என்று ஒரு கட்டம் போடுங்கள். காலையில் கிளைடரைச் சோதிக்கிறவர் கருவியைப் போட்டு, திரையில் தெரியும் தேதியை அதில் எழுத வேண்டும். 'சரி' என்று குறி போட்டால் ஏற்காதீர்கள், தேதியையே எழுதச் சொல்லுங்கள். தன் கையால் ஆறு வாரத்துக்கு முந்தைய தேதியை எழுதுகிறவர் அங்கேயே நின்றுவிடுவார்.